காலாவதி நாள் குறித்த வாரியம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



பொது நிர்வாகம் சார்ந்த ஒரு பொருளில் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மருந்துக்கடைகளையும் மருந்தாளுநர்களையும் ஒழுங்குபடுத்த ஒரு வாரியம் இருக்கிறது. அந்த வாரியத்தை நிறுவும் சட்டப் பிரிவிலேயே அது எந்த நாளோடு முடிகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். மாத்திரை அட்டையில் காலாவதி நாள் அச்சடித்திருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் சட்டமன்றம் வாரியத்தை அழைத்து விசாரித்து, புதிய சட்டம் இயற்றி ஆயுளை நீட்டிக்கிறது. பெரும்பாலும் நான்கு ஆண்டுகளுக்கு நீட்டிப்பார்கள். அங்கே இதற்கு ‘சன்செட் ரிவியூ’ என்று பெயர். நான் காலாவதி ஆய்வு என்றே சொல்கிறேன்.

இந்த முறையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் அதை ஓர் அச்சுறுத்தலாகவே பார்க்கிறார்கள். ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் மூடிவிடுவோம் என்கிற மிரட்டல். எனக்கு அந்தப் பார்வையில் உடன்பாடு இல்லை. மருந்தக வாரியத்தை யாரும் மூடப் போவதில்லை. மூடினால் மறுநாள் காலையில் மருந்துக்கடைக்கு உரிமம் கொடுக்க ஆள் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். முடிவு நாளின் உண்மையான பயன் வேறு. ஒருமுறை கேட்ட கேள்வியை மறந்துபோக அது அரசை விடுவதில்லை. சட்டமன்றத்துக்கு அது நினைவாற்றலைக் கொடுக்கிறது. இந்த ஒரு கருத்தைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

1. வாரியமும் அதன் நாற்காலிகளும்

கலிஃபோர்னியா மருந்தக வாரியம் 1891இல் தொடங்கியது. இன்று அதில் 13 உறுப்பினர்கள். ஏழு பேர் மருந்தாளுநர்கள், ஆறு பேர் பொதுமக்கள் தரப்பினர். மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர் பதினொரு பேரை நியமிக்கிறார். மீதி இரண்டு பொதுமக்கள் இடங்களைச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஆளுக்கொன்றாக நிரப்புகின்றன. மருந்தாளுநர் இடங்களிலும் சட்டம் நுணுக்கமாகப் பார்க்கிறது. மருத்துவமனை மருந்தகம், தனியார் ஒற்றைக் கடை, பெருநிறுவனத்தின் தொடர்கடை, நெடுநாள் பராமரிப்பு இல்லம் என ஒவ்வொரு பணியிடத்திலிருந்தும் குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும். தொழிற்சங்கத்தைச் சேர்ந்த மருந்தாளுநர் ஒருவரும் இருக்க வேண்டும். பொதுமக்களின் பாதுகாப்பே வாரியத்தின் முதல் கடமை, வேறு எந்த நலனோடு அது மோதினாலும் பாதுகாப்பே மேலோங்கும் என்று சட்டம் சொல்கிறது.

ஆனாலும் பெரும்பான்மை தொழில்காரர்களிடம்தான் இருக்கிறது. தொழிலைக் கண்காணிக்கும் அமைப்பு அந்தத் தொழில் செய்பவர்களின் கையிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பதை 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வட கரோலினா பல் மருத்துவ வாரிய வழக்கில் எடுத்துப் பேசியது. பற்களை வெளுப்பாக்கும் கடைகளைப் பல் மருத்துவர்களே நிறைந்த வாரியம் விரட்டிய வழக்கு அது. தொழிலில் இருப்பவர்களே முடிவெடுக்கும் வாரியம் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்க வேண்டுமானால், அரசு அதை உயிர்ப்புடன் மேற்பார்வையிட வேண்டும் என்று 6-3 பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. காலாவதி ஆய்வு அந்த மேற்பார்வைக்கு ஈடாகிவிடாது. ஆனால் வெளியாள் ஒருவர் உள்ளே வந்து கணக்குக் கேட்கும் நாள் ஒன்று நிச்சயமாக இருக்கிறது.

2. இந்த எண்ணம் எங்கே பிறந்தது

1930களிலேயே, பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான வில்லியம் டக்ளஸ், ஓர் அரசு முகமை பத்தாண்டுகளில் கலைய வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் வலியுறுத்தியதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அரசியல் அறிஞர் தியடோர் லோவி 1969இல் வெளிவந்த நூலில் அதைச் சட்டக் கோட்பாடாகவே முன்வைத்தார். 1976இல் கொலராடோ முதல் காலாவதிச் சட்டத்தை இயற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அவற்றில் பல பின்னர் கைவிட்டன அல்லது பெயரளவில் வைத்திருக்கின்றன. டெக்சாஸ் 1977இலிருந்து பன்னிரண்டு ஆண்டுச் சுற்றில் விடாமல் நடத்தி வருகிறது. கலிஃபோர்னியா 1994இல் இந்த முறைக்குள் வந்தது.

நடைமுறை இதுதான். வாரியம் தன் பணியைப் பற்றி நீண்ட அறிக்கை ஒன்றைத் தருகிறது. எத்தனை புகார் வந்தது, ஒரு புகாரை முடிக்க எத்தனை நாள் ஆனது, கட்டணம் எவ்வளவு, இருப்பு எவ்வளவு, போன முறை நீங்கள் கேட்டதற்கு என்ன செய்தோம் என்று எல்லாம் அதில் இருக்கும். சட்டமன்றக் குழுக்களின் அலுவலர்கள் அதைப் படித்து ‘பின்னணிக் குறிப்பு’ ஒன்று தயாரிக்கிறார்கள். அதில் பிரச்சினைகள் வரிசை எண்ணிட்டு வரும். ஒவ்வொன்றின் கீழும் அலுவலர் பரிந்துரை இருக்கும். பிறகு இரு அவைக் குழுக்களும் சேர்ந்து பகிரங்க விசாரணை நடத்தும். வாரியம் ஒவ்வோர் எண்ணுக்கும் எழுத்தில் பதில் தரும். அதன் பிறகே நீட்டிப்பு மசோதா.

தொலைக்காட்சியில் காட்டத்தக்க பரபரப்பு இதில் எதுவும் இல்லை. என் கருத்தில் இந்த முறையின் உயிர் அந்த வரிசை எண்களில்தான் இருக்கிறது. எண் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கழற்றிவிட முடியாது. அடுத்த அறிக்கையில் அது திரும்ப வந்து நிற்கும்.

3. மறந்துபோன ஒரு புகார்

நினைவாற்றல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் ‘நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர்’ என்றொரு மருந்தகம் இருந்தது. நோயாளியின் பெயரில் வரும் சீட்டைப் பார்த்து அவருக்கென மருந்து கலந்து கொடுக்க அனுமதி பெற்ற இடம். நடைமுறையில் அது ஒரு தொழிற்சாலையாகவே இயங்கியது. ஸ்டீராய்டு ஊசி மருந்தை ஆயிரக்கணக்கான குப்பிகளில் அடைத்து நாடெங்கும் அனுப்பியது. சீட்டுக் கணக்கு காட்டுவதற்குக் கார்ட்டூன் பாத்திரங்களின் பெயர்களைக்கூட நோயாளிகளாக எழுதியிருந்தது பின்னர் வழக்கில் வெளிவந்தது.

2012இல் அந்தக் குப்பிகளில் பூஞ்சை கலந்தது. முதுகுவலிக்காக முதுகுத்தண்டில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. 20 மாநிலங்களில் 750க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஆரம்பக் கணக்கிலேயே இறந்தவர்கள் அறுபதைத் தாண்டினர். முதுகு வலிக்கிறது என்று டாக்டரிடம் போனவர்கள் அவர்கள். வேறெந்தத் தவறும் செய்யாதவர்கள்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஆபத்து திடீரென்று வரவில்லை என்பதுதான். அந்த மருந்தகத்தின் மீது பத்தாண்டுகளாகப் புகார்கள் இருந்தன. 2004இல் மாநில வாரியம் கண்டனமும் நன்னடத்தைக் கண்காணிப்பும் விதிக்க முன்மொழிந்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2006இல் அது தண்டனையே இல்லாத ஓர் உடன்பாடாகச் சுருங்கியது. 2012 ஜூலையில் கொலராடோ வாரியம், இந்த மருந்தகம் நோயாளி பெயர் இல்லாமலே மருந்து அனுப்புகிறது என்று மாசசூசெட்ஸ் வாரியத்துக்கு எழுதியது. அந்தக் கடிதத்தின் மீது யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் நோயாளிகள் வரத் தொடங்கினர். பிறகு 2013இல் மத்திய அரசுச் சட்டம் வந்தது. 2014இல் மாசசூசெட்ஸ் தன் வாரியத்தின் அமைப்பையே மாற்றியது. எல்லாம் சாவுக்குப் பிறகு.

நான்காண்டுக்கொரு விசாரணை இருந்திருந்தால் இது தடுக்கப்பட்டிருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால், ‘2004இல் முன்மொழிந்த தண்டனை 2006இல் ஏன் மறைந்தது’ என்று ஒரு பொது அவையில் கேட்க, நாள் குறித்த ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். கலிஃபோர்னியாவுக்கும் இதே வகைத் துயரம் முன்பே நேர்ந்தது. 2001இல் வால்நட் கிரீக் நகரில் ஒரு மருந்தகம் கலந்து கொடுத்த ஊசி மருந்தில் கிருமி சேர்ந்து மூவர் இறந்தனர். அந்த ஆண்டே, நுண்ணுயிரற்ற மருந்து கலக்கும் இடங்களுக்குத் தனி உரிமம் வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் இயற்றியது.

4. ஒரு கேள்வி நான்கு ஆண்டு நடந்த கதை

இப்போது நினைவாற்றல் வேலை செய்த இடத்துக்கு வருகிறேன். 2021இல் மருந்தக வாரியத்தின் ஆயுளை 2026 ஜனவரி 1 வரை நீட்டித்த மசோதாவின் எண் ஏபி 1533. அதில் வாரியத்துக்கு ஒரு வேலை வைத்தார்கள். மருந்தாளுநர் என்னென்ன செய்யலாம் என்று சட்டம் பட்டியல் போடுவதை விட்டு, மருத்துவர்களுக்கு இருப்பதைப் போலத் தொழில் தரத்தை அளவுகோலாக வைத்து ஒழுங்குபடுத்த முடியுமா? அதாவது, இதே படிப்பும் பயிற்சியும் உள்ள நிதானமான இன்னொரு மருந்தாளுநர் இந்தச் சூழலில் இதைச் செய்திருப்பாரா என்று பார்ப்பது. இதைத் தொழில்காரர்களோடும் பொதுமக்களோடும் கலந்து பேசி 2023 ஜூலை 1க்குள் அறிக்கை தர வேண்டும் என்றது சட்டம்.

வாரியம் இதற்கெனத் தனிக் குழு அமைத்தது, பகிரங்கக் கூட்டங்கள் நடத்தியது, அறிக்கை தந்தது. 2025இல் அடுத்த காலாவதி ஆய்வு வந்தது. அந்த ஆண்டின் ஏபி 1503 மசோதா வாரியத்தின் ஆயுளை 2030 ஜனவரி 1 வரை நீட்டித்ததோடு, மருந்தாளுநரின் பணி எல்லையைத் தொழில் தர அளவுகோலின் பக்கம் நகர்த்தியது. கேள்வி ஒரு சுற்றில், ஆய்வு இடையில், விடை அடுத்த சுற்றில். நாலு வருடத்தில் ஒரு பெரிய சட்ட மாற்றத்தை இப்படி நிதானமாகச் செய்து முடிப்பதை நம் நாட்டில் நாம் அடிக்கடி பார்ப்பதில்லை.

மாற்றம் நல்லதா என்பது தனிக் கேள்வி. கலிஃபோர்னியா 2013இலேயே எஸ்பி 493 என்ற சட்டத்தால் மருந்தாளுநரைச் சுகாதாரச் சேவை வழங்குபவராக ஏற்றுக்கொண்டது. கருத்தடை மாத்திரை, புகைப்பழக்கத்தை விடுவதற்கான நிக்கோட்டின் மருந்து முதலியவற்றை வாரிய நெறிமுறைப்படி அவரே தரலாம் என்றது. கிராமப்புறத்தில் டாக்டரைவிட மருந்தாளுநர்தான் பக்கத்தில் இருக்கிறார். அவருடைய படிப்பைப் பயன்படுத்திக்கொள்வது நியாயம். ஆனால் பொறுப்பைக் கூட்டும்போது அவருக்கு நேரமும் உதவிக்கு ஆளும் கொடுத்திருக்கிறோமா என்று கேட்க வேண்டும்.

5. கவுன்ட்டருக்குப் பின்னால்

அமெரிக்கத் தொடர்கடையின் கவுன்ட்டரை நினைத்துப் பாருங்கள். ஒரே மருந்தாளுநர். தொலைபேசி அடிக்கிறது. காரில் இருந்தபடியே மருந்து வாங்கும் ஜன்னலில் ஆள் காத்திருக்கிறார். தடுப்பூசிக்கு நேரம் வாங்கியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒரு மருந்தை மறுத்துவிட்டது. இத்தனைக்கும் நடுவே ஒரு புட்டியில் இருக்கும் மாத்திரையும் சீட்டில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று அவர் சரிபார்க்க வேண்டும். கலிஃபோர்னியா மருந்தகங்களின் பிழைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் என்று அந்த மாநில வாரியம் மதிப்பிட்டது. மதிப்பீடு என்பதைக் கவனியுங்கள். பிழையைத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமே அதுவரை இல்லாததால் உண்மைக் கணக்கு யாரிடமும் இல்லை.

2018இல் மருந்தாளுநரைத் தனியாக வேலை செய்ய வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. 2021இல் தொடர்கடைகள் மருந்தாளுநருக்கு ‘ஒரு நாளைக்கு இத்தனை சீட்டு, இத்தனை ஊசி’ என்று இலக்கு விதிக்கத் தடை வந்தது. 2023இல் வாரியமே முன்னின்று கொண்டுவந்த ஏபி 1286 இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு பிழையையும் கண்டறிந்த 14 நாட்களுக்குள், வாரியம் ஏற்ற ஓர் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். தவறான மருந்து, தவறான அளவு, தவறான ஆள், தவறான குறிப்பு எல்லாம் பிழைதான். கவுன்ட்டரைத் தாண்டும் முன் பிடிபட்டுத் திருத்தப்பட்டது கணக்கில் வராது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று மருந்தாளுநர் கருதினால் நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்தில் சரியாகாவிட்டால் வாரியத்துக்குப் போக வேண்டும்.

இவை எவையும் காலாவதி மசோதாக்கள் அல்ல. ஆனால் 2025இல் அவையின் முன் நின்று ‘நோயாளி பாதுகாப்புக்கு என்ன செய்தீர்கள்’ என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்பது தெரிந்த ஒரு வாரியம், 2023இல் கையைக் கட்டிக்கொண்டு இருக்காது என்பது என் கணிப்பு. மாணவர்கள் இதை ஆராய்ந்து பார்க்கலாம்.

இன்னொரு சிறிய விஷயம், எனக்குப் பிடித்தமானது. கலிஃபோர்னியாவில் மருந்துப் புட்டியின் மேல் ஒட்டும் லேபிளுக்கு விதி உண்டு. நோயாளி பெயர், மருந்தின் பெயரும் வீரியமும், எப்படிச் சாப்பிட வேண்டும், மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தால் எதற்காக என்பது என இந்த நான்கும் ஓரிடத்தில் சேர்ந்து, லேபிளில் குறைந்தது பாதியை அடைத்துக்கொண்டு, 12 புள்ளி எழுத்தில் இருக்க வேண்டும். கடையின் பெயரும் சின்னமும் மீதிப் பாதியில்தான். 2007இல் சட்டம், 2011இல் விதி. முதலில் 10 புள்ளி போதும் என்றிருந்ததைப் பிறகு 12 ஆக்கினார்கள். ‘தினம் இரண்டு வேளை’ என்பதைவிடக் ‘காலையில் 1, மாலையில் 1’ என்பது மேல் என்று வாரியமே வாசகங்களை வகுத்துக் கொடுத்திருக்கிறது. சீனம், கொரியன், ரஷ்யன், ஸ்பானிஷ், வியத்நாமியம் ஆகிய ஐந்து மொழிகளில் அவற்றை மொழிபெயர்த்தும் வைத்திருக்கிறது. நோயாளி கேட்டால் அவர் மொழியில் தர வேண்டும் என்று 2015இல் சட்டம் சொன்னது. காகித உறையின் மேல் பேனாவால் 1-0-1 என்று எழுதித் தரும் நம் ஊர்க் கடைகளை நினைத்துக்கொண்டு இந்த விதியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

6. முடிவு நாளைப் பிடித்து வைத்துப் பேரம் பேசினால்

இந்த முறைக்குக் கடுமையான ஒரு குறை உண்டு. ஆயுள் நீட்டிப்பைப் பணயமாக வைத்து வேறு எதையோ சாதிக்கப் பார்க்கலாம். 2011இல் கலிஃபோர்னியாவின் செவிலியர் வாரியத்தை நீட்டிக்கும் மசோதாவில் விசாரணை அலுவலர்களுக்கான ஓர் ஏற்பாடு சேர்ந்திருந்தது. ஓய்வூதியச் செலவு கூடும் என்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதை நிராகரித்தார். 2012 ஜனவரி 1 அன்று வாரியம் சட்டப்படி இல்லாமல் போனது. மாநில அரசுத் துறை ஒன்றோடு செய்துகொண்ட இடைக்கால ஏற்பாட்டால் அலுவலகம் ஓடியது. அடுத்த மாதம் வாரியம் மீண்டும் பிறந்தது. டெக்சாஸில் 2017இல் மருந்தக வாரியத்துக்கான மசோதா வழக்கமான கூட்டத்தொடரிலேயே நிறைவேறி 2029 வரை ஆயுள் பெற்றது. ஆனால் மருத்துவ வாரியத்தின் நீட்டிப்பு வேறு அரசியல் சண்டையில் சிக்கி, அதற்காகவே ஜூலையில் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டியதாயிற்று. நோயாளிக்குச் சம்பந்தமே இல்லாத பேரங்கள் இவை.

விசாரணைக்கு யார் வருகிறார்கள் என்பதும் கேள்விதான். தொடர்கடை நிறுவனங்களின் பிரதிநிதிகள் வருவார்கள், தொழில் சங்கங்கள் வரும், மருந்துக் கல்லூரிகள் வரும். தவறான மருந்து சாப்பிட்டு மருத்துவமனையில் கிடந்தவர் வேலைநாள் காலையில் மாநிலத் தலைநகரான சேக்ரமெண்டோவுக்கு வருவது அரிது. அவருக்காகப் பேசுவது அந்த அலுவலர் குறிப்பின் வரிசை எண்கள்தான். அதனால்தான் அந்தக் குறிப்பை எழுதும் பெயர் தெரியாத அலுவலர்களை நான் உயர்வாக மதிக்கிறேன்.

7. நம் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை

இந்தியாவில் மருந்துக்கடைக்கான உரிமம் 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் கீழ் மருந்து கட்டுப்பாட்டுத் துறை தருவது. மருந்தாளுநர் பதிவு 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் கீழ் மாநில பார்மசி கவுன்சில் செய்வது. கடை ஒரு கையில், ஆள் இன்னொரு கையில். கவுன்சிலில் பதிவு பெற்ற மருந்தாளுநர்கள் தேர்ந்தெடுக்கும் ஆறு பேர், மாநில அரசு நியமிக்கும் ஐந்து பேர், மருத்துவ கவுன்சிலின் ஒருவர், பதவி வழியாக வரும் அதிகாரிகள் என்று அமைப்பு. நோயாளி தரப்புக்கென்று ஓர் இடம் சட்டத்தில் இல்லை. முடிவு நாளும் இல்லை. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சட்டம் தொடர்கிறது. கடையில் மருந்தாளுநர் இருக்கிறாரா, அல்லது அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகிறதா என்ற கேள்வி நம் அனைவருக்கும் தெரிந்ததே. அதை எந்த அவை, எந்த நாளில், யாரிடம் கேட்பது என்பதற்கு நம் சட்டத்தில் விடை கிடையாது.

கலிஃபோர்னியா முறையை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. முடிவு நாளே வேண்டாம் என்றாலும் நாள் குறித்த விசாரணையை வைக்கலாம். மாநிலச் சட்டமன்றத்தின் ஒரு குழு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கவுன்சிலையும் மருந்து கட்டுப்பாட்டுத் துறையையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, எண்ணிட்ட கேள்விகளைக் கேட்டு, விடைகளை அச்சிட்டு வெளியிட்டால் போதும். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது.

கலிஃபோர்னியாவின் அடுத்த நாள் 2030 ஜனவரி 1. அதற்கான விசாரணை அதற்கு முந்தைய ஆண்டில் நடக்கும். அப்போது முதன்முறையாகக் குழுவின் கையில் சில ஆண்டுகளின் பிழை அறிக்கைகள் இருக்கும். எந்த வகைக் கடையில் பிழை அதிகம், எந்த நேரத்தில் அதிகம், ஆள் குறைந்த நாளில் எவ்வளவு கூடியது என்று அப்போது கேட்கலாம். பிழைகள் வாரியத்துக்கே நேராக வராமல் வேறோர் அமைப்புக்குப் போகின்றன. அங்கிருந்து எவ்வளவு விவரம் பொதுமக்களுக்குக் கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். தொழில் தர அளவுகோல் வந்த பிறகு மருந்தாளுநரின் தீர்மானம் உண்மையில் அவருடையதாக இருந்ததா, அல்லது கடை நிறுவனத்தின் கணினித் திரை தீர்மானித்ததா என்பதும் அந்த வரிசை எண்களில் ஒன்றாக இடம்பெற வேண்டும். இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் யாராவது அந்தப் பின்னணிக் குறிப்பு வெளிவரும்போது அதைப் படித்து, நம் மாநிலத்துக்கென ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தால், அதை வாசித்துக் கருத்துச் சொல்ல நான் அணியமாக இருக்கிறேன்.